ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக்கடை என்னுடையது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. படித்துப் பட்டம் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை நான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஜங்ஷனில் ஒரு கடையின் பின்கட்டில் லென்ஸைச் சாணைக்கல்லில் தேய்க்கப் போனேன். தேய்த்துத் தேய்த்தே கற்றுக்கொண்டேன். மிச்சத்தைக் கற்றுத் தந்தது கண்ணாடி போட வந்த ஜனங்கள்.

முதன்முதலாகக் கண்ணாடியை மாட்டிய அந்த நிமிஷத்தில் மனுஷர்கள் சொல்கிறதைக் கேட்க வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா மாட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாவே, இவ்வளவு ஒட்டடையோடயா நான் குடும்பம் நடத்துனேன்?" என்றார். அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கடைக் கூரையை. ரிட்டையரான ஒரு வாத்தியார், "இத்தன வருசமா எம் பொண்டாட்டி என்னைப் பாத்துச் சிரிக்கான்னுல்லா நெனச்சேன், முறைச்சிருக்கா வே" என்றார். இதையெல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். பேச்சு எனக்குப் பிடிக்கும். பேசுகிறவர்களைப் பிடிக்கும். ஒரே ஒரு ஆளை மட்டும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவன் பேசவே மாட்டான்.

ஜங்ஷன் கடைப் பின்கட்டில் அடுத்த கல்லில் உட்கார்ந்து தேய்த்தவன் அவன். என் வயசுதான். ஒரே தூக்குவாளியில் டீ வாங்கிக் குடித்திருக்கிறோம். கல் தூசி பட்டு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி விரல் வெடித்திருக்கிறது. முதலில் தனிக்கடை போட்டவன் அவன், வண்ணார்பேட்டையில். இரண்டு வருஷம் கழித்து நான். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் கண்ணுக்கா பஞ்சம்? கழுத்துக்கு மேலே எல்லாருக்கும் இரண்டு இருக்கிறது.

தோன்ற ஆரம்பித்தது, அவன் சட்டைப் பையில் அந்தப் பேட்ஜைப் பார்த்த அன்றைக்குத்தான். பத்துப் பைசா அகலம்கூட இருக்காது. நீலமும் தங்க நிறமுமாக மினுக்கியது.

"என்னலே இது?" என்றேன்.

"கிளப்பு" என்றான். அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் ஊரில் டாக்டர்கள், வக்கீல்கள், என்ஜினியர்கள், மில் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து நடத்துகிற சேவைக் கிளப் அது. வியாழக்கிழமை சாயங்காலம் வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவார்கள். மணி அடிப்பார்கள், கொடிக்கு நிற்பார்கள், யாராவது ஒருத்தர் பேசுவார், பிறகு கேசரி, வடை, காபி. மாதம் ஒரு கண் முகாம், ரத்த தானம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், ஆற்றங்கரையில் குப்பை வாருதல். மறுநாள் பேப்பரில் படம் வரும். படத்தில் இரண்டாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்பான். பேச மாட்டான், சிரிக்கவும் மாட்டான், ஆனால் நிற்பான். நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பேன். மத்தியானம் மறுபடி விரித்துப் பார்ப்பேன்.

"அந்தப் படத்தை எத்தனை தடவைதான் பாப்பீங்க? அவரு எங்கனயும் ஓடிப் போகமாட்டாரு, அங்கனதான் நிப்பாரு" என்பாள் என் மனைவி.

அந்தக் கிளப்பின் செயலாளர் ஒரு கண் டாக்டரம்மா. அவர் ஆஸ்பத்திரிக்கு நான் வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா, நானும் கிளப்புல சேரலாமா?"

அவர் பேனாவை மூடினார். "உங்களைச் சேக்கணும்னு எனக்கும் ஆசைதான் அண்ணாச்சி. ஆனா கண்ணாடித் தொழிலுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காரே."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கிய சங்கதியாம் இது. கடல் கடந்த ஏதோ ஒரு பெரிய பட்டணத்தில் ஒரு வக்கீல் இருந்தாராம். சின்ன ஊரிலிருந்து பிழைக்க வந்த மனுஷன். தெருவில் போனால் நின்று நலம் விசாரிக்க ஒரு ஆள் இல்லை. வேறு வேறு தொழில் செய்கிற மூன்று பேரைக் கூப்பிட்டு, உட்கார்ந்து பேசலாம் வாருங்கள் என்றாராம். இந்த வாரம் ஒருத்தர் ஆபீஸில், அடுத்த வாரம் இன்னொருத்தர் ஆபீஸில் என்று முறை வைத்துக் கூடினார்கள். முதலில் சேவை கீவை ஒன்றும் கிடையாது. சிநேகிதம், கொஞ்சம் ஒருத்தருக்கொருத்தர் வியாபாரம், அவ்வளவுதான். போகப் போக, நாம் மட்டும் நன்றாக இருந்தால் போதுமா, ஊருக்கு என்ன செய்தோம் என்று அவர்களுக்கே உறைத்திருக்கிறது. ஊருக்குச் செய்த முதல் காரியங்களில் ஒன்று பொதுக் கழிப்பிடமாம். அதைக் கேட்டதும் அந்த மனுஷர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. எடுத்த எடுப்பில் கொடி கட்டிப் பறக்காமல், எது முட்டுகிறதோ அதைச் செய்திருக்கிறார்கள்.

"அப்ப வச்ச விதி இது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள். ரெண்டு பேர் வந்தா பேச்சு பூராவும் தொழிலாப் போயிரும். போட்டி வரும், பொறாமை வரும். அது வேண்டாம்னுதான். மத்த ஊர்ல இப்ப இதெல்லாம் தளர்த்திட்டாங்க. நாங்க விடலை" என்றார் டாக்டரம்மா.

பொறாமை வரக்கூடாது என்று வைத்த விதியாம்.

எங்கள் ஊரில் சங்கங்களுக்குக் குறைவே இல்லை. நகை வியாபாரிகளுக்குச் சங்கம் உண்டு, அரிசி மண்டிக்காரர்களுக்கு உண்டு. எல்லாம் ஒரே தொழில்காரர்கள் ஒன்றாகச் சேர்வது. இது நேர் தலைகீழ். தொழிலுக்கு ஒருத்தரைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பது.

"நோவா பேழை மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா சோடி கிடையாது, ஒத்தைதான்" என்று அவரே சிரித்தார்.

நான் விடவில்லை. "வக்கீல் மூணு பேரு இருக்காங்களே டாக்டரம்மா?"

"ஒருத்தர் சிவில், ஒருத்தர் கிரிமினல், ஒருத்தர் வருமான வரி."

"கண்ணாடியில அப்படிப் பிரிக்க முடியாதா?"

"எப்படி? கிட்டப்பார்வைக்கு ஒருத்தர், தூரப்பார்வைக்கு ஒருத்தரா?" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். நானும் சிரித்து வைத்தேன்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். தொடர்ந்து நான்கு கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்பினர் இடம் போய்விடும். வெளியூரில் இருந்தால் அந்த ஊர்க் கிளப்பின் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, வந்தார் என்று கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்கி வந்து கொடுத்தால் போதும், அந்த வாரம் வந்ததாகக் கணக்கு. ஆனால் அசல் சீட்டு வர வேண்டும். வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பினால் செல்லாது. "போட்டோவுல என்ன வேணும்னாலும் செய்யுதாங்க அண்ணாச்சி" என்றார்.

இந்த விதியை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். நான்கு கூட்டம். வெறும் நான்கு. ஆனால் அவன் வராமல் இருக்கிறவனா? மழை கொட்டினாலும் வியாழக்கிழமை ஆறரைக்குக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுப்பான். ஆறு வருஷம் அப்படித்தான் போயிற்று. அதற்குள் நான் செய்த ஒரே காரியம், கிளப் கண் முகாம் நடத்தும்போதெல்லாம் அந்தப் போஸ்டரை வாங்கி என் கடைக் கதவில் ஒட்டியது. முகாம் முடிந்த பிறகும் கிழிக்க மாட்டேன். வருகிறவர்கள், "அண்ணாச்சி நீங்களும் இதுல இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறேன் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

போன வருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் அவனுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. தூக்கி உட்காரவைக்க ஆம்பிளை ஆள் வேண்டும் என்று அவன் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே போய்த் தங்கிவிட்டான். ஒரு வியாழன் போயிற்று. இன்னொன்று போயிற்று. மூன்றாவதும் போனபோது டாக்டரம்மாவே என்னிடம் சொன்னார். "உங்க சேக்காளி மூணு வாரமா காணலை. இந்த வாரமும் வரலைன்னா விதியை நான் என்ன செய்ய முடியும்?"

"பாவம், அம்மாவுக்கு முடியலையே" என்றேன். என் வாய் அதைச் சொன்னது. என் மனசு விரல் மடக்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தார் வியாபாரி ஒருத்தர் கடைக்குள் வந்தார். தினமும் தார் ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்கு வருகிறவர். கதவிலிருந்த போஸ்டரை விரலால் தட்டினார்.

"கிளப்புல இருக்கிற கண்ணாடிக்கடை இதுதான?"

"என்ன விஷயம் அண்ணாச்சி?"

"உங்க கிளப்பு ஆளு ஒருத்தரு எங்க ஊர்ல அம்மாவப் பாத்துக்கிட்டு இருக்காருல்லா. வியாழக்கிழமை எங்க கிளப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தாரு. சீட்டு எழுதி, கண்ணாடிக்கடையில குடுத்தாப் போதும், டாக்டரம்மாட்ட போயிரும்னாரு. இந்தாங்க." மடித்த தாளை நீட்டினார். "கண்ணாடிக்கடைன்னா எதுன்னு கேக்க மறந்துட்டேன். நல்லவேளை, போஸ்டர் ஒட்டியிருக்கீங்க."

அவன் சொன்ன கண்ணாடிக்கடை வண்ணார்பேட்டையில் அவன் மனைவி இருக்கிற அவனுடைய கடை. இவர் வந்து நிற்பது என் கடை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மாட்டுவண்டியிலா வந்திருக்கிறார், மினி லாரியில் ஐந்து நிமிஷத்தில் அங்கே போயிருப்பார்.

"வச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் போன பிறகு தாளைப் பிரித்துப் பார்த்தேன். அவன் பெயர், மூன்றாவது வியாழக்கிழமையின் தேதி, ஸ்ரீவைகுண்டம் செயலாளரின் கையெழுத்து, முத்திரை. கிழித்துப் போடவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேஜை டிராயரில் வைத்தேன். கொடுக்கக் கூடாது என்று நான் முடிவு செய்யவே இல்லை. நாளைக்குக் கொடுப்போம் என்றுதான் ஒவ்வொரு நாளும் முடிவு செய்தேன். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி கொண்டுபோனபோது சீட்டும் சட்டைப்பையில் இருந்தது. டாக்டரம்மா எதிரில் கால் மணி நேரம் நின்று பிரேம் விலை, மழை, பஸ் ஸ்டாண்ட் தோண்டிப் போட்டிருப்பது எல்லாம் பேசினேன். பையோடு போய்ப் பையோடு திரும்பி வந்தேன்.

நான்காவது வியாழன் போயிற்று. பத்து நாள் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். "அவர்கிட்ட கேட்டேன். சீட்டு குடுத்துவிட்டேன், வந்து சேரலைன்னா விதிப்படி செய்யுங்கன்னுட்டார். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இடம் காலியா இருக்கு அண்ணாச்சி. வாறீங்களா?"

நான் சேர்ந்த அன்றைக்குத் தலைவர் என் சட்டையில் பேட்ஜைக் குத்தினார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மில் முதலாளி என் தோளில் கை போட்டு, "வாங்க, வாங்க" என்றார். மறுநாள் பேப்பர் படத்தில் இரண்டாவது வரிசையில் நான். மனைவி பார்த்துவிட்டு, "அவரு நின்ன எடத்துலயே நிக்கீங்க. கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா?" என்றாள். அவளுக்குச் சீட்டு விஷயம் தெரியாது. இருந்தும் எனக்குக் காது சுட்டது.

அடுத்த முகாம் ராதாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். "கண்ணாடி மேஜை உங்க பொறுப்பு" என்றார் டாக்டரம்மா. பேட்ஜ் குத்திக்கொண்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடிகளைப் பவர் வாரியாக அடுக்கி, எழுத்து அச்சிட்ட அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவன்தான். வண்டியின் முன்னால் அவனுடைய பழைய கண்ணாடிப் பெட்டி.

"நீ எங்கலே இங்கன?" என்றேன்.

"முகாமுக்கு வாரதுக்குப் பேட்ஜ் வேணுமா என்ன?" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட பெஞ்ச் ஒன்றை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் ஒரு மணி நேரம் என் வரிசைதான் நீளம். பிறகு பைய நகர்ந்து நகர்ந்து அவன் பக்கம் போய்விட்டது. ஏன் என்று கவனித்தேன். நான் அட்டையை நீட்டி, "படிங்க" என்றேன். பனங்காட்டு ஊர்ப் பெண்கள் சிலர் எழுத்தைப் பார்த்ததும் கூசிப்போய், "எனக்குப் படிப்பு வராதுய்யா" என்று ஏதோ குற்றம் செய்தது போல நின்றார்கள். அவன் அட்டையே வைத்திருக்கவில்லை. ஒரு ஊசியும் நூலும், ஒரு தட்டில் கல் கலந்த அரிசியும் வைத்திருந்தான். கண்ணாடியை மாட்டிவிட்டு ஊசியைக் கையில் கொடுப்பான். நூல் கோர்த்தால் பவர் சரி. கல்லைப் பொறுக்கினால் சரி. ஓலைப் பெட்டி முடைகிற ஒரு பெண் ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோர்த்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, "நீ நல்லா இருக்கணும் ராசா" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஊசியும் நூலும் எனக்குத் தோன்றவில்லை. பேட்ஜ் என் சட்டையில் இருந்தது. அந்த வார்த்தை அவனுக்குப் போயிற்று. பேட்ஜ் இல்லாத நாளில்கூட எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை.

மத்தியானம் எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பிறகு அவன், ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்தச் சீட்டை என்னலே செஞ்ச? கிழிச்சிட்டியா, வச்சிருக்கியா?"

பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தேன்.

"வாழைத்தார்க்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு. போஸ்டர் ஒட்டின கடையில குடுத்தேன்னு. எங்கடையில எந்தக் காலத்துல போஸ்டர் ஒட்டினேன்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா? ஒரு சீட்டை ஒளிச்சவன் பவரை மாத்தி எழுத மாட்டானான்னு ஊர்ல கேப்பான். உங்கடையில ஒரு பய ஏறமாட்டான். நாம ரெண்டு பேரும் ஒரே கடையில தேச்சவங்கன்னு எல்லாப் பயலுக்கும் தெரியும். உன்னைச் சொன்னா என்னையுந்தான் சேத்துச் சொல்லுவான். எனக்கென்ன கிறுக்கா?" தண்ணீரைக் குடித்தான். "அதுவும் போக, அம்மா மோண்ட துணிய அலசிக்கிட்டு இருக்கிறவனுக்கு இந்தச் சவத்துக் கிளப்பு ஒரு பெருசா? நீ உக்காந்து பாரு. கேசரியில இப்பவும் முந்திரி போடுதானா?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கேசரியைக் கேட்டுவிட்டான். அவனிடம் இருக்கிற எல்லாவற்றின் மேலும் பொறாமைப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு அவனுடைய நிம்மதியின் மேல் பட்டேன். அதைத் திருடி வைக்க டிராயர் கிடையாது.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்துக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கிளப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒருத்தர் எழுந்து அபராதம் விதிப்பார். எங்கள் கிளப்பில் அது அந்த கிரிமினல் வக்கீல். புதுக் கார் வாங்கினால் அபராதம், பேட்ஜ் மறந்தால் அபராதம், கல்யாண நாளை மறந்து பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் அதற்கும் அபராதம். ஒவ்வொருத்தரும் தன் குற்றத்தைத் தானே சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். அந்தக் காசு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பேனா பென்சில் வாங்கக் கிளப் உண்டியலுக்குப் போகும்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "கண்ணாடி அண்ணாச்சி! சேந்ததுலேர்ந்து ஒரு குத்தமும் ஒத்துக்கலையே. இந்த வாரமாவது ஏதாவது செஞ்சீரா?"

எழுந்து நின்றேன். "செஞ்சேன். இந்த எடத்துக்கு முன்னால இருந்த ஆளோட சீட்டை டாக்டரம்மாட்ட குடுக்காம என் மேசையில வச்சுப் பூட்டினேன். அவரு எடத்தைப் பிடிக்கதுக்கு."

மாடி முழுக்க ஓவென்று சிரித்தார்கள். "யோவ், இது ஆயுள் தண்டனைக் கேஸுல்லா! இருபது ரூவா!" என்று வக்கீல் மேஜையைத் தட்டினார். மில் முதலாளி, "அண்ணாச்சி பேச்சுக்குத்தான்யா இவரைச் சேத்தோம்" என்று முதுகில் ஓங்கி அடித்தார். நான் ஒரு ஆள்தான் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை.

நடந்து போய் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் பிரித்தார், தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார். முன் வரிசையில் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு அடுத்த வரிசையில். கடைசி மேஜையில் யாரோ விஷயம் தெரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னைக்கு உங்ககிட்ட வந்துச்சு?" என்றார்.

"அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை."

"அந்தப் புதன்கிழமை என் ரூம்ல நின்னு பஸ் ஸ்டாண்டைப் பத்திப் பேசினீங்களே, அப்ப இது எங்க இருந்துச்சு?"

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிப் பேனாவைத் திறந்து கொடுத்தார். நான்கு வரியில் விலகல் கடிதம் எழுதினேன். பேட்ஜைக் கழற்றும்போது ஊசி விரலில் குத்தியது. அந்த இருபது ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, "அந்தப் போஸ்டரை முதல்ல கிழிங்க" என்றாள்.

கிளப்பில் அவனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மறுத்துவிட்டு, அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு போனான். விஷயம் ஊருக்குள் கொஞ்ச நாள் ஓடியது. கடையில் இரண்டொரு வாடிக்கை குறைந்தது, அது நான் வாங்க வேண்டியதுதான். ஆனால் பேப்பரில் அவன் படம் மறுபடி வந்த அன்றைக்கு, செய்த தப்புக்கு மனசார வருந்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். மத்தியானம் விரித்தும் பார்த்தேன். தப்பை ஒத்துக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்குப் பக்கத்துக் கல்லில் தேய்த்த ஆள் இருந்திருக்க மாட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஆறரைக்கு அவன் ஸ்கூட்டர் என் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை.

"ஏலே, கெளம்பு."

"எங்கன?"

"கூட்டத்துக்கு. விருந்தாளியா ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போலாம்."

"அங்கன வந்து எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காரச் சொல்லுத?"

"இருக்கிற மூஞ்சியத்தான் கொண்டு வரணும், வேற இருக்கா? ஒவ்வொருத்தனும் அவனவன் தொழிலைப் பத்தி ஒரு நாள் பேசணுமாம். இத்தன வருசமாச் சாக்குச் சொல்லித் தப்பிச்சேன். இன்னைக்கு விட மாட்டேன்னுட்டாங்க. எனக்கு நாக்கு எந்திரிக்காது. நீ வந்து பேசு, நான் பக்கத்துல நிக்கேன்."

"டாக்டரம்மா?"

"கேட்டாச்சு. வரட்டும்னாங்க. சட்டைப்பையைக் காட்டிட்டு உள்ள வரச் சொன்னாங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனுக்கும் உதடு கொஞ்சம் கோணியது, அவன் கணக்கில் அது சிரிப்பு. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நாற்காலி அவனுடையது, நான் வந்தவன் என்பது எனக்குத் தெரியும். முருகன்குறிச்சி சிக்னலில் நிற்கும்போது பேச வேண்டியதை மனசுக்குள் கோர்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. வண்டி ஒரு உதறல் இல்லாமல் கிளம்பியது. என் வண்டி எந்த நாளில் இப்படிக் கிளம்பியிருக்கிறது என்று நினைத்ததில், கோர்த்த பேச்சு பாதி மறந்துபோயிற்று.